சுவருக்கு அந்தப் பக்கம் லஷ்

மூத்த மாப்பிள்ளையின் செடிப்பண்ணைக்கு அடைமொழி வாரியம் 'லீஃபி' என்று பலகை கொடுத்தது. அதில் அவருக்கு ஒரு குறையும் தோன்றவில்லை. பச்சைப் பலகை, வெள்ளை எழுத்து, மூலைக்கு மூலை ஆணி அடிக்க ஓட்டை. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். வாசல் கேட்டில் மாட்டினார். சாலைக்கு எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்துவிட்டு வந்து, இடது மூலையைக் கொஞ்சம் தூக்கிவிட்டார். மதியம்வரை மனிதர் சந்தோஷமாக இருந்தார். மதியத்துக்கு மேல் சுவருக்கு அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தார். இளைய மாப்பிள்ளையின் கேட்டில் 'லஷ்' என்று இருந்தது.

இரண்டு பண்ணையும் ஒரு காலத்தில் ஒரே பண்ணை. மாமனார் போன பிறகு நடுவில் சுவர் வைத்து, அக்காவுக்கு ஒரு பக்கம் தங்கைக்கு ஒரு பக்கம் என்று பிரித்தார்கள். மண் ஒன்று, கிணறு ஒன்று, வெயில் ஒன்று. உரம் ஒரே வண்டியில் வந்து பாதி அங்கேயும் பாதி இங்கேயும் இறங்கும். தாங்கள் சுவருக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பது செடிகளுக்கே தெரியாது. வாரியத்துக்கு மட்டும் தெரிந்திருந்தது.

மூத்தவர் மருந்துக்கடைக்காரரிடம் போய் அர்த்தம் கேட்டார். தெருவில் ஆங்கிலம் அதிகம் புழங்குவது அவர் கடையில்தான்.

"லீஃபின்னா இலை நிறைய இருக்குன்னு அர்த்தம்."

"லஷ்ஷுன்னா?"

"அதுவும் ஏறக்குறைய அதேதான். ஆனா..." மருந்துக்கடைக்காரர் கண்ணை மூடி, தலையைப் பின்னால் சாய்த்து, "லஷ்..." என்று சொல்லிப் பார்த்தார். "சொல்லும்போதே ஒரு மாதிரி இருக்கு பாருங்க."

அந்த 'ஒரு மாதிரி' மூத்தவரைப் பிடித்துக்கொண்டது.

"கீரைக்கட்டுக்கு வைக்கிற பேரைக் கொண்டாந்து எனக்கு வச்சிருக்கானுங்க" என்றார் மனைவியிடம்.

"இலை இருக்கு, லீஃபின்னு போட்டாங்க. இதுல என்ன வந்துச்சு?"

"அவன்கிட்ட இலை இல்லையா?"

"இருக்கு."

"அப்போ அவனுக்கும் லீஃபின்னே போட்டிருக்க வேண்டியதுதானே?"

"சரி, அவருக்கும் லீஃபின்னே மாத்திட்டா உங்களுக்குத் திருப்தியா?"

மூத்தவர் நேர்மையாக யோசித்துப் பார்த்தார். "முழுத் திருப்தின்னு சொல்ல முடியாது" என்றார்.

இதில் அவரை அதிகம் வாட்டியது, இளையவருக்குத் தனக்குக் கிடைத்தது என்னவென்றே தெரியாததுதான். அடுத்த வாரமே அந்த மனிதர் பலகையைக் கேட்டிலிருந்து கழற்றிக் கொண்டுவந்து, ஒரு கொடிக்குப் பக்கத்தில் ஊன்றிவிட்டார்.

"என்னடா பண்ற?" என்று சுவருக்கு மேலாகக் கேட்டார் மூத்தவர்.

"கொடி படர ஒரு பிடிமானம் வேணும்ணே. பலகை நல்ல கெட்டியா இருக்கு."

"லஷ்ஷுல கொடி ஏத்துறியா?"

"ஏன்ணே, ஏறாதா?"

பசித்தவன் முன்னால் உட்கார்ந்து ஒருவன் பாதிச் சாப்பாட்டை ஒதுக்கி வைப்பதைப் போல இருந்தது மூத்தவருக்கு. வாரியத்து ஆள் வந்து அதட்டி, பலகையைத் திரும்பக் கேட்டில் மாட்ட வைத்துவிட்டுப் போனார்.

பிறகு வாடிக்கையும் நகர ஆரம்பித்தது. ஓர் அம்மாள் காரில் வந்து இறங்கி, ஒரு குரோட்டன்ஸின் இலையைத் தடவிப் பார்த்து, "இது லஷ்ஷா?" என்று கேட்டார்.

"லீஃபிம்மா. நல்ல லீஃபி."

"ஓ" என்றார் அம்மாள். மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டார், அதில் கடிகாரம் இல்லை. "பக்கத்துல ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன்."

பக்கத்தில் ஒரு குரோட்டன்ஸ் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு போனார். அது போன வாரம் இளையவரிடம் கையிருப்புத் தீர்ந்தபோது மூத்தவரே தூக்கிக் கொடுத்த செடி. காருக்குள்ளிருந்து அது தன்னைத் திரும்பிப் பார்த்ததாக மூத்தவர் மனைவியிடம் சொன்னார். இப்படியே போனால் சீக்கிரம் கேட்டைச் சாத்த வேண்டியதுதான் என்றும் சொன்னார். ஆனால் அதைச் சொன்னபோது குரலில் அத்தனை வருத்தம் இல்லை. குரோட்டன்ஸைப் பற்றிச் சொன்னபோதுதான் இருந்தது.

மறுநாள் வாரியத்துக்குக் கிளம்பினார்.

விற்பனைக்கோ பார்வைக்கோ இருக்கும் எந்த இயற்கைப் பொருளும் வெறும் பெயரோடு அலையக் கூடாது, முன்னால் ஓர் ஆங்கில அடைமொழி இருக்க வேண்டும் என்பதைக் கவனித்துக்கொள்வதே அடைமொழி வாரியத்தின் வேலை. குளம், குன்று, தோட்டம், தொட்டி மீன் எல்லாம் இதில் அடக்கம். கீழ்த்தளத்தில் உயிர்ப் பிரிவு இருந்தது; லிவிங், அலைவ், லைவ்லி வகையறாக்கள் அங்கே. மேல்தளத்தில் இயற்கைப் பிரிவு. நேச்சுரல், லீஃபி, லஷ் வகையறாக்கள் அங்கே. உயிர்ப் பிரிவுக்கு ஏசி உண்டு, ஜன்னல் கிடையாது. இயற்கைப் பிரிவுக்கு ஜன்னல் உண்டு, ஏசி கிடையாது. கீழே இருந்தவர்கள் ஜன்னலை நினைத்தும் மேலே இருந்தவர்கள் ஏசியை நினைத்தும் வெந்துகொண்டிருந்ததால், கட்டடம் முழுக்க வெப்பநிலை ஒரே சீராக இருந்தது.

காத்திருப்போர் பெஞ்சில் குளத்துக்காரம்மா ஒருவர் இருந்தார். பக்கத்தில் மீன்தொட்டிக் கடைக்காரர்.

"எனக்கு ஸ்டில்லுன்னு குடுத்துட்டாங்க" என்றார் குளத்துக்காரம்மா. "தண்ணி அசையவே கூடாது. பொருத்தப் பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. வார்த்தைக்குத் தக்கபடி பொருள் நடந்துக்குதான்னு பாக்குறவங்க. ஒரு ஆள் வந்து கரையில உக்காந்துக்கிறாரு. காத்தடிச்சா குறிச்சுக்கிறாரு. ஒரே ஒரு தவளை இருந்துச்சு, அதைக்கூட எங்க நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிட்டேன்."

"பக்கத்துக் குளத்துக்கு என்ன?" என்றார் மூத்தவர்.

"டிராங்க்வில்." அந்த அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அவங்களுக்கு அலை அடிக்கலாமாம். சின்னதா."

"என் கதையைக் கேளுங்க" என்றார் மீன்தொட்டிக் கடைக்காரர். "எனக்கு லைவ்லி. மீன் கண் அசரக் கூடாது. நானும் வீட்டுக்காரியும் மாத்தி மாத்தித் தொட்டியைத் தட்டிக்கிட்டே கிடக்கோம். எதிர்க்கடைக்காரனுக்கு செரீன். அவன் மீன் செத்து மிதந்தாக்கூட ஆபீசர் தலையைத் தலையை ஆட்டிட்டுப் போறாரு."

மூவரும் பெருமூச்சு விட்டார்கள். மூத்தவருக்குச் சொந்தக்காரர்கள் நடுவே இருப்பது போல இருந்தது.

மனு எழுத்தர் அவருடைய மனுவைப் புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"முதல் கேள்விக்குப் பதில் எழுதலையே."

முதல் கேள்வி: 'எவருடைய அடைமொழியைக் கண்டு மனம் புழுங்குகிறது?'

"அப்படி ஒண்ணும் இல்ல சார். எனக்கு நியாயமாக் கிடைக்க வேண்டியது..."

"நியாயமா?" எழுத்தர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அதுக்கு இங்க பிரிவு கிடையாதே. பாருங்க சார், தன்னோடது சரியில்லைன்னு இதுவரைக்கும் ஒரு ஆள்கூட இந்தப் படி ஏறினதில்ல. பக்கத்து வீட்டுக்காரனோடது நல்லா இருக்குன்னுதான் வர்றாங்க. பொறாமை இல்லாத மனு நிக்காது. யார் மேலன்னு எழுதுங்க, கூச்சப்படாம."

மூத்தவர் எழுதினார். எழுத ஆரம்பித்ததும் இடம் பற்றவில்லை; எழுத்தர் கூடுதல் தாள் கொடுத்தார்.

தலைமைச் சொற்சுவைஞர் அவரை நேரில் பார்க்க ஒப்புக்கொண்டார். அடைமொழிகளை வாயில் வைத்துப் பார்த்துச் சொல்வதில் வாரியத்திலேயே மூத்த நாக்கு அவருடையது. சூடான எதையும் சாப்பிடுவதில்லை. யாரோடும் சத்தமாகப் பேசுவதில்லை.

"உங்களுக்கு எது வேணும்?" என்றார் மெதுவாக.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதுங்க. அவன்கிட்ட இருக்கிறதைவிட ஒரு படி மேல இருந்தாப் போதும்."

"மேல கீழன்னு இங்க கிடையாது. எல்லா வார்த்தையும் பக்கத்துல பக்கத்துலதான் நிக்குது. யாரு எங்க நிக்கறாங்கன்னு பாக்குறவன் வயித்தெரிச்சல்லதான் மேடு பள்ளம் வருது. அந்த வயித்தெரிச்சலை நாங்க பொத்திப் பொத்திக் காப்பாத்துறோம். இந்தக் கட்டடத்துக்கு அதுதான் அஸ்திவாரம்."

"நம்ம பாஷையில பச்சைப்பசேல்னு போட்டுட்டா ஆகாதுங்களா?"

சொற்சுவைஞர் அடிபட்டவர் போலப் பார்த்தார். "அது எல்லாருக்கும் புரிஞ்சிடுமே. புரிஞ்சிட்டா அப்புறம் நாங்க எதுக்கு?"

சுவைக் குழு ஒருநாள் வேனில் வந்து இறங்கியது. தலைமைச் சொற்சுவைஞர், உயிர்ப் பிரிவு அதிகாரி, இயற்கைப் பிரிவு அதிகாரி, வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு ஃபிளாஸ்க், கொப்பளித்துத் துப்ப ஒரு பித்தளைப் பாத்திரம். பொழுது விடியும் முன்பே எழுந்து மூத்தவர் இலை இலையாகத் துடைத்து வைத்திருந்தார்.

"செடியை எல்லாம் ஒரு துணி போட்டு மூடிடுங்க" என்றார் சொற்சுவைஞர்.

"சார், நீங்க பாக்கறதுக்குத்தானே..."

"பாக்கக் கூடாது. செடியைப் பாத்தா மனசு செடிப் பக்கம் சாஞ்சிடும். அப்புறம் வார்த்தைக்கு நியாயம் செய்ய முடியாது."

வீட்டில் இருந்த போர்வை, படுதா, மனைவியின் பழைய புடவைகள் எல்லாம் வெளியே வந்தன. குழு தகரக் கொட்டகையில் செடிகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தது. சுவருக்கு மேல் இளையவரின் தலை தெரிந்தது. "அண்ணே, ஏதாவது ஒத்தாசை வேணுமா?" என்றது. மூத்தவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

சொற்சுவைஞர் வாய் கொப்பளித்தார். கண்ணை மூடினார். "வெர்டன்ட்" என்றார். நாக்கைச் சுழற்றினார். "நுனி நாக்குல நிக்குது. உள்ள இறங்க மாட்டேங்குது."

கொப்பளித்தார். "லக்ஷூரியன்ட்." முகம் சுளித்தது. "இதைப் போன மாசம் ஒரு ஹோட்டல்காரருக்குக் கொடுத்தோம். எச்சில் வாடை அடிக்குது."

உயிர்ப் பிரிவு அதிகாரி இருமினார். "எங்ககிட்ட வைப்ரன்ட் ஒண்ணு இருக்கு சார். புத்தம் புதுசு."

இயற்கைப் பிரிவு அதிகாரியின் முகம் மாறியது. செடிப்பண்ணை இயற்கைப் பிரிவின் எல்லை. அங்கே உயிர்ப் பிரிவின் வார்த்தை தொங்குவதா? நாளைக்கு ஜன்னலையும் கேட்பார்களே? "வைப்ரன்ட்டா?" என்றார் அவர். "நேத்து ஒரு சோப்பு டப்பாவுல பாத்தேன்."

"சோப்பு டப்பாவுல நேச்சுரலும்தான் இருந்துச்சு. உங்க சரக்கு."

"ஏசியில உக்காந்து யோசிச்சா சோப்புதான் ஞாபகம் வரும்."

"ஜன்னல்ல வேடிக்கை பாக்குறவங்களுக்கு அதுகூட வராது."

இயற்கைப் பிரிவு அதிகாரி எழுந்து நின்றார். "வைல்ட்" என்றார்.

உயிர்ப் பிரிவு அதிகாரியும் எழுந்துவிட்டார். வைல்ட் இதுவரை யாருக்கும் கொடுக்கப்படாத வார்த்தை. பூட்டிய அலமாரியில், ஏதாவது பெரிய இடத்துக்கு என்று வைத்திருந்தது. தன் பிரிவின் மானத்துக்காக அதை அவர் ஒரு தகரக் கொட்டகையில் எடுத்துவிட்டார். தலைமைச் சொற்சுவைஞர் அதை வாயில் போட்டுக்கொண்டார். கண்ணோரம் ஈரம் கசிந்தது. கொப்பளிக்க மறுத்துவிட்டார்.

வைல்ட் பலகை மற்ற பலகைகளைவிட ஒரு சாண் அகலம். கேட்டில் மாட்டியதும் தெரு கூடியது. மருந்துக்கடைக்காரர் கடையை விட்டுவிட்டு வந்து, தலையைப் பின்னால் சாய்த்து, இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார்.

பின்னாலேயே பொருத்தப் பிரிவு அதிகாரியும் வந்தார்.

"இந்தத் தொட்டியெல்லாம் ஏன் வரிசையா இருக்கு? வைல்டுல வரிசை கிடையாது. தண்ணி ஊத்தக் கூடாது, மழை பாத்துக்கும். கிளை வெட்டக் கூடாது. விற்பனை அறவே கூடாது. விலை சொல்லி விக்கிறதுக்குப் பேரு வைல்டா?"

"அப்போ நாங்க எப்படிச் சார் சாப்பிடறது?" என்றாள் மனைவி.

"அது வேற பிரிவும்மா." அதிகாரி மூத்தவரை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னொண்ணு. இவரு இங்க இப்படி நிக்கிறது கொஞ்சம் உறுத்துது. சட்டை வேற இஸ்திரி போட்டிருக்கு. ஆள் வரும்போது ஏதாவது புதருக்குப் பின்னால போயிடச் சொல்லுங்க."

மூத்தவர் புதருக்குப் பின்னால் போனார். முகத்தில் சிரிப்பு மாறவில்லை. மனைவி வேறு வழியில்லாமல் சுவருக்கு அந்தப் பக்கம் தங்கையின் பண்ணைக்கு வேலைக்குப் போனாள். ஒவ்வொரு சாயங்காலமும் அவள் திரும்பி வந்ததும், புதர் கேட்டது:

"அவன் ஏதாவது சொன்னானா?"

"எதைப் பத்தி?"

"பலகையைப் பத்தித்தான். முகம் எப்படி இருக்கு? சரியாச் சாப்பிடறானா?"

"நல்லாச் சாப்பிடறாரு. உங்களைப் பத்தித்தான் பேச்சு. 'பாவம்க்கா, அண்ணன் இப்படி ஆயிட்டாரே'ன்னு வருத்தப்பட்டாரு."

புதர் சலசலத்தது. "பாவமா?" என்றது. வைல்ட் வைத்திருப்பவனை லஷ் வைத்திருப்பவன் பாவம் என்று சொல்வதா? "நடிக்கிறான்" என்றது.

இளையவருக்கு நடிக்கத் தெரியாது. சுவருக்கு மேலாகப் பார்க்கும்போதெல்லாம் தண்ணீரில்லாமல் சுருண்ட ரோஜாக்களும், சுருண்ட அண்ணனும் தெரிந்தார்கள். ஒருநாள் சட்டையை மாட்டிக்கொண்டு வாரியத்துக்குப் போனார்.

"யார் மேல பொறாமை?" என்றார் மனு எழுத்தர்.

"யார் மேலயும் இல்லீங்க. எங்க அண்ணன் கஷ்டப்படறாரு. அந்த வைல்டை எடுத்துடுங்க."

"எடுத்து எங்க வைக்கிறது? நாக்குல பட்ட வார்த்தை அலமாரிக்குத் திரும்பாது. வேற யாராவது அதுக்கு ஆசைப்பட்டு வயிறெரிஞ்சா, அவங்களுக்கு மாத்தி விடலாம். அவங்களோடது இவருக்கு வந்துடும்."

இளையவர் பேனாவை வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். எழுத ஒன்றும் வரவில்லை. பக்கத்தில் இருந்த குளத்துக்காரம்மா எட்டிப் பார்த்தார். அவர் மனு இன்னும் நகரவில்லை.

"என்ன தம்பி, வெறுந்தாளா இருக்கு? வயிறு எரியுதுன்னு போடுங்க."

"எரியலையேக்கா."

"எனக்கு எரியுது. நான் சொல்லச் சொல்ல எழுதுங்க."

அந்த அம்மா சொல்லச் சொல்ல, இளையவர் எழுதினார். அவ்வளவு உருக்கமான மனு தன் பணிக்காலத்தில் வந்ததே இல்லை என்று எழுத்தர் அதைப் பக்கத்து மேஜைக்கும் படித்துக் காட்டினார்.

சீக்கிரமே பலகைகள் இடம் மாறின. லஷ் மூத்தவருக்கு வந்தது. வைல்ட் சுவரைத் தாண்டியது. பொருத்தப் பிரிவு அதிகாரி அந்தப் பக்கம் போய், வரிசையைக் கலைத்து, தண்ணீரை நிறுத்தி, இளையவரைப் புதருக்குப் பின்னால் அனுப்பினார்.

இந்தப் பக்கம் வாடிக்கை வந்து குவிந்தது. கார்கள் நின்றன. அம்மாமார்கள் இலையைத் தடவி, "லஷ்தானே?" என்றார்கள். மூத்தவர் "லஷ்தான், லஷ்தான்" என்று எடுத்துக் கொடுத்தார். கை கொடுத்துக்கொண்டிருந்தது, கண் சுவருக்கு மேல் தெரிந்த அகலப் பலகையில் இருந்தது.

"பாத்தியா?" என்றார் மனைவியிடம். "எங்கிட்ட இருந்ததை எப்படித் தட்டிப் பறிச்சான் பாத்தியா? பச்சப்புள்ள மாதிரி முகத்தை வச்சுக்கிட்டு?"

மனைவி கையிலிருந்த பூவாளியைக் கீழே வைத்தாள். "உங்களுக்காகத்தான் போனாரு. நீங்க வாடுறதைப் பாக்க முடியலைன்னு, இல்லாத பொறாமையை இருக்குன்னு எழுதிக் குடுத்துட்டு வந்திருக்காரு. இப்ப அவங்க வீட்டுல ஒரு செடி விக்க முடியல. என் தங்கச்சி அழுது அழுது மூஞ்சி வீங்கிப்போய்க் கிடக்கா. போய் ஒரு வார்த்தை நல்லதாப் பேசிட்டு வாங்க."

மூத்தவருக்கு வெட்கமாகத்தான் இருந்தது. வழியெல்லாம் நல்ல வார்த்தையாகத் தேடிக்கொண்டு போனார். இளையவர் ஒரு காய்ந்த புதருக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேல் பலகை. சாயங்கால வெயில் சரியாக அதன் மேல் விழுந்துகொண்டிருந்தது. மூத்தவர் நன்றி சொல்ல வாயைத் திறந்தார்.

"உனக்குப் பலகை எடுப்பாத்தான் இருக்கு" என்றார்.

"உங்களுக்குப் பிடிச்சிருந்தா எடுத்துக்கங்கண்ணே" என்றார் இளையவர். "எனக்கு இது எதுக்கு?"

மூத்தவருக்குக் காது மடல் சூடாயிற்று. "நீ குடுத்து நான் வாங்கிக்கணுமா?" என்று கேட்டுவிட்டு விறுவிறுவென்று திரும்பி வந்தார்.

மறுநாள் வாரியத்தின் கதவு திறப்பதற்கு முன்பே அவர் படியில் உட்கார்ந்திருந்தார். முதல் கேள்விக்கு யோசிக்காமல் எழுதினார். ஒரு வரி விடவில்லை.

இளையவரின் மனைவி செய்தி கேட்டு ஓடிவந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள். "மாமா போய் எங்களுக்காக மனுக் குடுத்திருக்காராம்க்கா. வைல்டைத் தனக்கே மாத்திக்கிறேன்னு எழுதிட்டாராம். தன் பிழைப்புப் போனாலும் பரவாயில்லைன்னு யாருக்குக்கா மனசு வரும்?" என்று அழுதாள். அக்கா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். தங்கை அழுவதைப் பார்த்து, தானும் கொஞ்சம் அழுதுவைத்தாள்.